அமைதியான சாலைகளை அமைத்தவர்கள் யார்?

பிரான்சின் நாட்டுப்புறத்தில் மிதிவண்டிப் பயணம் மேற்கொள்வோர் அங்குள்ள சிறு சாலைகளின் அமைதியைப் போற்றுவர். அந்த அமைதி இயற்கையின் கொடை அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1836 மே 21ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், ஊர்களை இணைக்கும் சாலைகளைப் பேணும் பொறுப்பை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. வருவாய் போதாத ஊராட்சி, உடல்வலிமை கொண்ட ஆண்களிடம் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பைக் கோரலாம். வண்டிகளுக்கும் இழுவை விலங்குகளுக்கும் அதே கணக்கு. விரும்புவோர் உழைப்புக்கு ஈடாகப் பணம் செலுத்தலாம். கையில் பணமில்லாத உழவருக்கோ உழைப்பைத் தருவது ஒன்றே வழி.

இச்சாலைகளுக்கு 'ஷ்மேன் விசினால்' என்று பெயர். 'விசினால்' என்பதன் வேர், அண்டையாரைக் குறிக்கும் 'விசினுஸ்' என்ற இலத்தீன் சொல். அண்டை ஊருக்கும் சந்தைக்கும் செல்வதற்கான வழி என்பதே அதன் உட்பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் வேளாண்மை எந்திரமயமானது. பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தொலைதூரப் போக்குவரத்து விரைவுச்சாலைகளுக்கு மாறியது. கிளை இருப்புப்பாதைகள் பலவும் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்றான பர்கண்டியின் ஜிவ்ரி–க்ளூனி தடம், 1997இல் நாட்டின் முதல் 'பசுமைவழி'யாகத் திறக்கப்பட்டது.

ஆக, இன்று பயணி நுகரும் அமைதி, ஒரு தலைமுறையின் கட்டாய உழைப்பும் பின்வந்த தலைமுறைகளின் வெளியேற்றமும் விட்டுச்சென்ற எச்சம். சுற்றுலாவின் வரலாற்றை எழுதுவோர், அண்டையார் அகன்ற பின்னும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கும் இச்சாலைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.