புரோப்பர்டின்: மறுக்கப்பட்டு மீண்ட ஓர் உண்மை

பெரியம்மை ஒருமுறை கண்டவரை மறுமுறை அண்டாததன் காரணத்தை மருத்துவ மேதை அர்ராஸி குருதியிலேயே தேடினார். இளமையில் புளித்துப் பொங்கும் குருதி பின்னர் முதிர்ந்து அடங்கிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் காலத்தால் கழிந்தது; தேடிய இடம் தவறன்று. எனினும் நாம் இங்கே பேசப்புகுவது நோயைக் கண்டு பழகியபின் வரும் காப்பைப் பற்றியன்று. அறிமுகமற்ற கிருமியையும் முதற்கணத்திலேயே எதிர்க்கும் பிறவிக் காப்பைப் பற்றியே.

புதிய குருதிநீர் கிருமிகளைக் கொல்கிறது, சூடேற்றினால் அவ்வாற்றலை இழக்கிறது என்று ஜெர்மானியரான புக்னர் 1889இல் கண்டார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே 1895இல், சூட்டினால் வலுவிழந்த நோயெதிர்ப்புக் குருதிநீரில் நோயே காணாத பிராணியின் புதிய குருதிநீரைச் சிறிது சேர்த்தார். இழந்த ஆற்றல் மீண்டது. சூடு தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று, சூட்டில் அழியும் துணைப்பொருள் மற்றொன்று என்பது புலனாயிற்று. பின்னதற்குப் பால் எர்லிக் இட்ட பெயரே ‘காம்ப்ளிமென்ட்’. எதிர்ப்பொருள் ஏவினாலன்றி இத்துணைப்பொருள் இயங்காது என்பதே அரைநூற்றாண்டுக் காலம் பாடமாக இருந்தது.

அப்பாடத்தோடு மோதியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய லூயி பில்லமர். ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுத்த ஸைமோசான் என்னும் பொருள், எதிர்ப்பொருளின் உதவியின்றியே துணைப்புரதங்களுள் மூன்றாவதான சி3ஐச் செயலிழக்கச் செய்வதை அவர் கண்டார். குளிர்ந்த நிலையில் ஸைமோசானோடு கலந்து பிரித்தெடுத்த குருதிநீரிலோ அச்செயல் நிகழவில்லை. அங்ஙனம் நீங்கிய புரதத்திற்குப் புரோப்பர்டின் எனப் பெயரிட்டு 1954இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார். நாளேடுகள் வியந்து எழுதின, ஆய்வுலகம் ஐயுற்றது. குருதியில் இயல்பாகவே உள்ள எதிர்ப்பொருளே இவ்வளவையும் செய்யுமே என்று ராபர்ட் நெல்சன் வாதிட்டார். வாதம் அறிவுக்குப் பொருந்தியதே. அதனைப் பகைமை என்று கருத நமக்கு உடன்பாடில்லை. 1957இல் பில்லமர் அளவுக்கு மிஞ்சிய உறக்க மருந்தால் இறந்தார். நெல்சனின் கட்டுரை 1958இல் அச்சேறியபின் அத்துறையையே பலர் கைவிட்டனர்.

பில்லமரின் மாணவரான இர்வின் லெப்போவும் உடனுழைத்தோரும் 1968இல் புரோப்பர்டினைத் தூய்மையாகப் பிரித்து, அது எதிர்ப்பொருள் அன்று என நிறுவினர். வழக்கமான பாதைக்கு இன்றியமையாத சி4 புரதம் பிறவியிலேயே அமையாத கினிப்பன்றிகளின் குருதிநீரிலும் சி3 இயங்குவதை 1970களின் தொடக்க ஆய்வுகள் காட்டின. மாற்றுப்பாதை ஒன்று உண்டென்பதில் அதன்பின் ஐயமில்லை.

இப்பாதையில் சி3 ஓயாது சிறிது சிறிதாகச் சிதைந்து, அருகிலுள்ள எப்பரப்பிலும் ஒட்டுகிறது. நம் செல்களில் உள்ள காவற்புரதங்கள் அதனை உடனே அடக்கிவிடுகின்றன. கிருமியின் மேலோ தடுப்பார் பெரும்பாலும் இல்லை. ஒன்று பலவாகப் பெருகி, விழுங்கணுக்களுக்கு அடையாளமாகிறது, கிருமியின் உறையிலும் துளையிடுகிறது. விரைவில் உதிர்ந்துவிடக்கூடிய அந்நொதியைப் பிடித்து நிறுத்தி, அதன் ஆயுளைப் பன்மடங்கு நீட்டிப்பதே புரோப்பர்டினின் முதன்மைப் பணி. பில்லமர் எண்ணியதும் இதுவும் முற்றும் ஒன்றல்ல.

1982இல் சுவீடனின் ஒரு குடும்பத்தில், மெனிஞ்சோகாக்கஸ் கிருமியால் கடுமையாகத் தாக்கப்பட்ட ஆண்களிடம் புரோப்பர்டின் இல்லாமை கண்டறியப்பட்டது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளதால் இக்குறை பெரும்பாலும் ஆண்களையே பற்றுகிறது. இத்தகையோர்க்குத் தடுப்பூசி போட்டால் எதிர்ப்பொருள் உண்டாகி, போர்டே கண்ட பழைய பாதை அவர்களைக் காக்கிறது.