உறைபனிக் கண்டம் – 14: துளையை நிறுத்தியவர்கள்

2012 பிப்ரவரி 5 அன்று ரஷ்யத் துளைக்கருவி, அண்டார்டிகப் பனிக்கு அடியில் 3,769 மீட்டர் ஆழத்தில் வோஸ்தோக் ஏரியைத் தொட்டது. இந்த வாரம் அந்த நாளைத்தான் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் 1998-இல் சற்று நின்றாக வேண்டும். அந்த ஆண்டில் துளை 3,623 மீட்டர் இறங்கியிருந்தது. ஏரி நீருக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர்கூட இல்லை. தரையில் நேரடியாக அளந்ததில் உலகின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 89.2 டிகிரி பதிவான வோஸ்தோக் நிலையத்தில், அவ்வளவு தூரம் துளைத்து வந்தவர்கள் கருவியை அங்கேயே நிறுத்தினார்கள். எட்டு ஆண்டுகள் அது கீழே நகரவில்லை. இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு, மேற்கு நாடுகள் போட்ட முட்டுக்கட்டை என்றவர்களும் உண்டு. இந்த ஏரியின் கதையில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுவே என்பது என் கட்சி.

ஏரி கிடைத்த விதமே அவசரக்காரர்களுக்குப் பதில் சொல்லும். அதன் எதிரொலியைப் பதிவு செய்த ஆந்த்ரேய் கபித்சா 1931-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். தந்தை பியோத்தர் கபித்சா அங்கே ரூதர்ஃபோர்டுடன் வேலை பார்த்த இயற்பியலாளர். 1934-இல் சோவியத் நாட்டுக்கு வந்தவரை ஸ்டாலின் அரசு திரும்பிப் போக விடவில்லை. பின்னாளில், 1978-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகன் புவியியல் பக்கம் போனார். 1959-இல் கார்கோவ்சங்கா என்ற ராட்சதப் பனி ஊர்திகளில் வோஸ்தோக் வழியாகத் தென் துருவம் வரை போன சோவியத் குழுவில் அவரும் இருந்தார். பனியில் வெடி வைத்து, அடியிலிருந்து அதிர்வு திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பது அவர் வேலை. 1964-இல் வோஸ்தோக்கில் அளந்தபோது எதிரொலி இரண்டு முறை வந்தது. இரண்டாவது, பனிக்கு அடியிலுள்ள படிவப் படுகையிலிருந்து வருவதாக அவர் எண்ணினார். அந்தப் பதிவு முப்பது ஆண்டுகள் கிடந்தது. 1993-இல் ஈ.ஆர்.எஸ்-1 செயற்கைக்கோள் அந்தப் பகுதியின் பனிமேற்பரப்பு விந்தையாகத் தட்டையாக இருப்பதைக் காட்டிய பிறகு பழைய சுருளை மீண்டும் பிரித்தார்கள். இரண்டு எதிரொலிகளுக்கும் நடுவே இருந்தது 510 மீட்டர் தண்ணீர்! 1996-இல் கபித்சாவும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதிய பிறகே, சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 50 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு நன்னீர் ஏரி அங்கே கிடப்பதை உலகம் ஏற்றது. இந்தத் தொடரில் நான் மனதார நேசிக்கும் மனிதர் இவர். 2011 ஆகஸ்டில் காலமானார். ஏரியைத் தொட அப்போது ஆறு மாதம் இருந்தது.

இனித் துளைக்கு வருவோம். 1990-இல் அதைத் தொடங்கியது பழங்காலத் தட்பவெப்பத்தை அறிவதற்காக. பனி நெருக்கித் துளையை மூடிவிடாதபடி மண்ணெண்ணெயும் ஃப்ரியானும் ஊற்றினார்கள். ஏறக்குறைய 60 டன். கீழே இவ்வளவு பெரிய ஏரி இருப்பது தெரியாத காலம் அது, ஆகவே அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் அந்தத் திரவத்தோடு உள்ளே இறங்கியிருந்தால்தான் குற்றம். லட்சக்கணக்கான ஆண்டுகள் வெளியுலகம் படாத நீரில் உயிர் உண்டா என்பதே கேள்வி. நாமே கிருமியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால், கிடைக்கும் விடைக்கு என்ன மதிப்பு? அண்டார்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவான ஸ்கார் நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

இடைவெளியில் ரஷ்யர்கள் ஒரு வழி கண்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் போர் போடும்போது, பாறை வெடிப்பில் தண்ணீர் பட்டதும் அது குழாயில் மேலேறி நிற்கும். அதேபோலத் துளையிலுள்ள திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து வைத்தால், ஏரி நீர் தானே மேலேறி உறையும். அடுத்த பருவத்தில் அந்தப் பனியை வெட்டி எடுக்கலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் 2012-இல் நீர் எதிர்பார்த்ததைவிட அதிக உயரம் ஏறி மண்ணெண்ணெயோடு கலந்தது. கிடைத்த மாதிரியில் எது ஏரியின் உயிர், எது துளையின் அழுக்கு என்ற வழக்கு நீண்டது. 2013 ஜனவரியில் அமெரிக்கர்கள் வில்லன்ஸ் என்ற இன்னொரு பனிக்கடி ஏரியை வேறு விதமாக அணுகினார்கள்: வடிகட்டிப் புறஊதாக் கதிர் பாய்ச்சிய வெந்நீரால் 800 மீட்டர் பனியை உருக்கி இறங்கினார்கள். அந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1,30,000 செல்கள் இருப்பதாக 2014-இல் வெளியிட்டபோது, வோஸ்தோக்குக்கு எழுந்ததுபோன்ற சந்தேகம் எழவில்லை. வில்லன்ஸ் ஆழம் குறைந்த ஏரி, வோஸ்தோக்கைப் போல நெடுங்காலம் தனித்துக் கிடந்ததும் அல்ல என்பார்கள். உண்மைதான். அந்த ஏரியைப் பற்றிய விடையை வோஸ்தோக்குக்கு ஒட்டவைக்க முடியாது. நான் ஒப்பிடுவது முறையை மட்டும்.

எட்டு ஆண்டுகள் வீண் என்போருக்கு 2006-ஐக் காட்டுவேன். அண்டார்டிகாவின் பனிக்கடி ஏரி ஒன்றிலிருந்து 1.8 கன கிலோமீட்டர் நீர், குறைந்தது 290 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஏரிகளுக்குப் பனிக்கடியிலேயே ஓடியதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் அந்த ஆண்டு காட்டின. ஓர் ஏரியைக் கெடுத்தால் அது அந்த ஏரியோடு நிற்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. 1998-இலேயே உடைத்திருந்தால் இந்த அறிவு இல்லாமலே உடைத்திருப்பார்கள். அந்தத் துளையின் பயனும் கெட்டுவிடவில்லை: 4,20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாறு, எடுத்துவைத்த பனித்தண்டிலிருந்து 1999-இல் வெளிவந்தது.

பணக்கார நாடுகள் ஏழை ரஷ்யாவை மடக்கின என்ற வாதமும் நிற்காது. எல்ஸ்வொர்த் ஏரியை 3 கிலோமீட்டர் பனிக்குக் கீழே தேடிப்போன மார்ட்டின் சீகர்ட்டின் பிரிட்டிஷ் குழு, 300 மீட்டர் ஆழத்தில் இரண்டு துளைகளை இணைக்க முடியாமல் எரிபொருள் தீர்ந்து, 2012 கிறிஸ்துமஸ் நாளில் தானே வேலையை நிறுத்தியது. முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளும் அந்தத் துணிச்சலை நான் வெற்றிக்குச் சமமாகவே வைக்கிறேன். நமக்கும் விதிவிலக்கு இல்லை. அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் பாரதி நிலையம் கட்ட இந்தியா தயாரித்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவு, 2007-இல் டெல்லியில் நாமே நடத்திய அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் கூட்டத்தில் மற்ற நாடுகளின் கேள்விகளுக்கு உட்பட்டது. நிலையம் திறந்தது 2012-இல்.

பனிக்கடி ஏரி எதையும் இந்தியா இன்னும் துளைத்ததில்லை. ஆனால் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய துருவ நீர்மூழ்கி ஊர்தி, 2015-இல் மைத்ரி நிலையத்தருகே உள்ள பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கியிருக்கிறது. மைத்ரியில் இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர் அந்த ஏரியிலிருந்து வருகிறது. கருவி செய்யத் தெரிந்த நிறுவனம் நம்மிடம் இருக்கும்போது, அடுத்த ஊர்தியின் வரைபடத்துக்கு முன்பாக அதைக் கிருமிநீக்கும் முறையை எழுதி மற்ற நாடுகள் முன் வைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.