கொல்கத்தா கண்ட பேசாப் படம்

ஒரு நகரத்தின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. மாலைப் பொழுதில் மக்கள் கூடிக் களித்த கொட்டகைகளும் அவ்வரலாற்றின் ஏடுகளே. நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா மாநகரின் அத்தகைய ஏடு ஒன்றை இம்மலரில் புரட்டிப் பார்க்க விழைகின்றோம்.

வங்கத்தில் சலனப் படக் கலைக்கு வித்திட்டவர் ஹீராலால் சென். 1898-ஆம் ஆண்டில் ராயல் பயாஸ்கோப் கம்பெனியைத் தொடங்கிய அப்பெருந்தகையின் படங்கள் அனைத்தும் 1917-இல் நேர்ந்த தீவிபத்தில் சாம்பலாயின. சில நாட்களில் அவரும் மறைந்தார். இதற்கிடையே, பார்ஸி வணிகராகிய ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் 1902-இல் மைதானத்தில் கூடாரமிட்டுப் படம் காட்டத் தொடங்கி, 1907-இல் எல்பின்ஸ்டன் பிக்சர் பாலஸ் என்னும் நிலையான அரங்கையும் அமைத்தார்.

அந்த மதன் நிறுவனத்தார் தயாரித்த ‘பில்வமங்கள்’ என்னும் படம் 1919 நவம்பர் 1-ஆம் நாள் கார்ன்வாலிஸ் தியேட்டரில் வெளியாயிற்று. வங்கத்தின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்பெறுவது இதுவே. இதனை எடுத்த முதலாளி பார்ஸி. இயக்கிய ருஸ்தம்ஜி தோத்திவாலாவும் பார்ஸி. கதை அமைத்த சாம்ப்ஷி உதேஷி குஜராத்தியர். வந்தேறிய மக்கள் தாம் வாழ வந்த நாட்டின் கலைக்கு ஆற்றிய தொண்டன்றோ இது! பிழைக்க வந்த இடத்தில் நாமும் எதை விட்டுச் செல்லப் போகிறோம் என்னும் கேள்வி இங்கே எழாமலில்லை.

கதையும் நமக்குப் புதியதன்று. சிந்தாமணி என்னும் கணிகையின்பால் மயங்கிய ஒருவன், புயல் இரவில் பிணத்தைக் கட்டையென்று பற்றி ஆற்றைக் கடந்து, பாம்பைக் கயிறென்று பிடித்து அவள் மாடியேறுகின்றான். இவ்வன்பை இறைவனிடம் வைக்கலாகாதா என்று அவள் கேட்ட சொல் அவனை அடியவனாக்குகின்றது. கிருஷ்ண கர்ணாமிருதம் பாடிய லீலாசுகரே இவர் என்பது மரபு. 1937-இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்துத் தமிழகமே மயங்கிய ‘சிந்தாமணி’யும் இக்கதையே.

எனினும் படத்தின் கதி என்ன? அக்காலப் பிலிம் சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. ஈரக் காற்றிலும் மட்கிப் போகும். படம் ஓடி முடிந்தபின் அதனைப் பேணுவாரும் இல்லை. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ இன்று ஒரு சுருள்கூட எஞ்சாமல் அழிந்துவிட்டது. பில்வமங்களும் அவ்வாறே போயிற்று என்று எண்ணியிருந்த காலத்தில், பாரிஸ் நகரத்துத் திரைப்படக் காப்பகத்தில் அதன் ஒரு பகுதி இருப்பது தெரியவந்தது. 2016-இல் புனேயின் தேசியத் திரைப்படக் காப்பகத்தார், 1931-ஆம் ஆண்டின் ‘ஜமாய் பாபு’ என்னும் வங்கப் படத்தின் பிரதியைக் கொடுத்து அதனைப் பெற்றனர். ஏறத்தாழ 3,650 மீட்டர் நீளமிருந்த படத்தில் கிடைத்தது 594 மீட்டரே. ஆறில் ஒரு பங்கு!

இவ்விதி நமக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டின் விக்டர் சீஸ்திரோம் 1912-இல் எடுத்த ‘தோட்டக்காரன்’ என்னும் பேசாப் படம் அந்நாட்டிலேயே தடைசெய்யப்பட்டு, தொலைந்ததாகவே கருதப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப்பின் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அதன் பிரதி கிடைத்தது. பிறந்த மண் மறந்ததைப் பிற மண் காத்தது.

அன்பர்களே, அயலார் காத்துத் தருவர் என்று நாம் வாளா இருத்தல் தகுமோ? ஏரிக்கரை வட்டாரத்து நம் இல்லங்களின் பழைய டிரங்குப் பெட்டிகளில் நாடகப் புகைப்படங்களும், விழா அழைப்பிதழ்களும், முன்னோர் எழுதிய கடிதங்களும் உறங்குகின்றன. அவற்றின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வைப்போம். மூத்தோர் நினைவு மங்குமுன் கேட்டறிந்து குறித்து வைப்போம். காப்பாரின்றிப் போன 5 பங்கை எவராலும் மீட்க இயலாது. கையிலுள்ள ஒரு பங்கையேனும் காப்பது நம் கடன்.