கியரை யார் தெரிவு செய்தது? - ஒரு மலைச் சைக்கிளின் கதை

யாழ்ப்பாணத்தில வளர்ந்த எனக்கு சைக்கிளின் கியர் எண்டது ஒரு அலங்காரப் பொருள்தான். எங்கட ஊர் தரை மாதிரிச் சமதரை. பேராதனைக்கு வந்து முதலாவது ஏத்தத்தில மூச்சு வாங்க இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோதுதான் பின்சில்லில ஏன் இத்தனை பல்லு இருக்குது எண்டு யோசிச்சன். லீவுக்குப் போனபோது ஊரில சைக்கிள் திருத்துற அண்ணையிட்டக் கேட்டன். "தங்கச்சி, உது கணக்குத்தான். முன்பல்லைப் பின்பல்லால பிரிச்சுப் பார்" எண்டார்.

பிரிச்சுப் பார்த்தன். முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18 பல்லு எண்டால், பெடல் ஒருக்காச் சுத்த, பின்சில்லு கிட்டத்தட்ட இரண்டரைத் தரம் சுத்தும். சமதரைக்கு அது காணும். முன்னுக்கும் பின்னுக்கும் 28 எண்டால் ஒரு சுத்துக்கு ஒரு சுத்துத்தான். வேகம் இல்லை, ஆனால் ஏத்தம் ஏறலாம். கணக்கு இவ்வளவு சுலபம் எண்டால், இந்தக் கணக்கைச் சரியாகச் செய்கிற சைக்கிள் ஒன்று ஏன் 1970கள் வரைக்கும் மலைக்கு வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வரலாற்றுக்குள்ள இழுத்துக்கொண்டு போனது.

கதை நடக்கிற இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி எண்டு ஒரு மலைப்பகுதி. 1970களில் அங்கே இருந்த இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஷ்வின் போன்ற பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். தடித்த ரயர், பாரமான இரும்பு, ஒரே ஒரு கியர், பெடலைப் பின்னுக்கு உழக்கினால் பிடிக்கிற பிறேக். இவற்றை மலைக்கு மேல கொண்டுபோய், மண்பாதையால் கீழே விடுவதுதான் அவர்களுடைய விளையாட்டு.

1976 ஒக்ரோபர் 21 அன்று ஃபேர்ஃபக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாதையில் நேரம் பார்த்து ஒரு போட்டி வைத்தார்கள். மூன்று கிலோமீற்றரை விடச் சற்றுக் கூடிய தூரம், கிட்டத்தட்ட நானூறு மீற்றர் இறக்கம். கீழே வந்து சேரும்போது பின்சில்லின் பிறேக் சூட்டில் உள்ளே இருந்த கிறீஸ் எல்லாம் புகையாகிப் போய்விடும். திரும்பக் கழட்டி, கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் போட்டிக்கு 'ரீபாக்' எண்டு பெயர் வந்தது. அதாவது 'திரும்ப அடை'. ஒரு உதிரிப்பாகம் தோற்றுப்போனதிலிருந்து பிறந்த பெயர் அது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். ரீபாக் வெறும் போட்டி இல்லை, அது ஒரு பரிசோதனைக் கூடம். எது உடையுது, எது வளையுது, எது தாங்குது எண்டு அந்த மலை நாலைந்து நிமிடத்தில் சொல்லிவிடும். பிறேக் எரிந்தால் மோட்டார்சைக்கிளின் பிறேக் பிடியைக் கொழுவிப் பார்த்தார்கள். ஒரு கியரோடு மலை ஏற முடியாது எண்டதால், ஓட்டச் சைக்கிள்களில் இருந்த டிரெயிலியரை, அதாவது செயினை ஒரு பற்சில்லிலிருந்து மற்றதுக்குத் தள்ளுகிற கருவியை, கரி ஃபிஷர் தன்னுடைய பழைய சைக்கிளில் பூட்டினார். கியர் மாத்துகிற பிடி பெருவிரலுக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தது. குலுங்குகிற பாதையில் ஹாண்டிலை விட்டுக் கையை எடுத்தால் விழவேண்டியதுதானே.

1977இல் ஜோ பிறீஸ் இதற்கெண்டே புதிதாக ஒரு சட்டத்தைச் செய்தார். அடுத்த வருடத்துக்குள் பத்துச் சைக்கிள்கள். 1979இல் ஃபிஷரும் சார்ளி கெலியும் சேர்ந்து, ரொம் ரிச்சி செய்த சட்டங்களோடு ஒரு சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் 'ஸ்பெஷலைஸ்ட்' நிறுவனத்தின் ஸ்ரம்ப்ஜம்பர் யப்பானில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தது. அந்தக் காலத்து மலைச் சைக்கிள் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் அதுக்குள்ள பல நாடுகள் இருக்கும்: பிரெஞ்சுக் கிறாங், யப்பான் கியர், மோட்டார்சைக்கிளுக்கான பிறேக் பிடி. ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டுகிறவர் தானே சோதித்து, தானே தெரிவு செய்த காலம் அது.

பிறகு நிறுவனங்கள் வந்தன. 1982இல் யப்பானின் ஷிமானோ, மலைச் சைக்கிளுக்கெண்டே செய்த 'டியோர் எக்ஸ்ரி' பாகத் தொகுதியை வெளியிட்டது. அதன் போட்டியாளர் சன்ரூர். 1964இல் சரிவான இணைகர அமைப்புள்ள டிரெயிலியரைக் கண்டுபிடித்தது சன்ரூர்தான். டிரெயிலியரும் பின்பல்லுகளும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் இருக்கும்படி செய்த அந்த யோசனை இண்டைக்கும் பாவனையில் இருக்கிறது. 1984இல் அதன் காப்புரிமை முடிந்தது. அதே வருடம் ஷிமானோ அந்தச் சரிவு அமைப்போடு, 'கிளிக்' எண்டு ஒவ்வொரு கியராக விழுகிற முறையையும் சேர்த்து விற்கத் தொடங்கியது. சில வருடங்களில் அது மலைச் சைக்கிளுக்கும் வந்தது.

அந்தக் 'கிளிக்' தான் எல்லாத்தையும் மாத்தினது. முந்தி ஒரு கம்பனியின் பிடியோடு இன்னொரு கம்பனியின் டிரெயிலியரைப் பூட்டலாம், கை பழகிவிடும். கிளிக் முறையில் பிடி, கேபிள், டிரெயிலியர், பற்சில்லு, செயின் எல்லாம் ஒரே அளவில் பொருந்த வேண்டும். ஒண்டை வாங்கினால் எல்லாத்தையும் வாங்கு. ஓட்டுகிறவருக்கு நிச்சயம் சுகம். ஆனால் தெரிவு செய்கிற கை மாறிவிட்டது. 1990இல், ஹாண்டிலைத் திருகிக் கியர் மாத்துகிற பிடியைச் செய்த சிகாகோவின் 'ஸ்றாம்' எண்ட சின்ன நிறுவனம் ஷிமானோ மீது வழக்குப் போட்டதும் இதுக்காகத்தான்: முழுத் தொகுதியாக வாங்கும் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஷிமானோ கொடுக்கிற கழிவால் தங்கட பாகத்தை எவரும் வாங்க முடியாமல் போகுது எண்டது அவர்களது வாதம். அடுத்த வருடம் அது இணக்கத்தில் முடிந்தது. சன்ரூர் 1990களில் சரிந்துபோனது. 2012இல் அதே ஸ்றாம், முன்னுக்கு ஒரே ஒரு பற்சில்லும் பின்னுக்குப் பதினொன்றும் உள்ள தொகுதியை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. பின்னுக்குப் பெரியதில் 42 பல்லு. முன்னுக்கு 32 எண்டு வைத்துப் பிரித்துப் பாருங்கோ, ஒரு சுத்துக்கு முக்கால் சுத்துத்தான். என்னுடைய பேராதனை ஏத்தத்துக்கு அது தாராளம்.

நிறுவனங்கள் சொன்னதையெல்லாம் மலை ஏற்றுக்கொண்டது எண்டும் இல்லை. 1983இல் ஷிமானோ கணினியில் வடிவமைத்த, வட்டமில்லாத 'பயோபேஸ்' முன்பற்சில்லைக் கொண்டுவந்தது. பத்து வருடத்துக்குள் ஓட்டுநர்கள் பழைய வட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். பெடல் கதை மறுபக்கம். 1985இல் பேர்னார்ட் ஹினோ சப்பாத்தோடு பூட்டிக்கொள்ளும் 'லுக்' பெடலோடு பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றார். ஆனால் அந்தப் பெரிய பூட்டோடு சேத்துக்குள் இறங்கி நடக்க ஏலாது. மலையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான். 1990இல் ஷிமானோ பூட்டைச் சின்னதாக்கி, சப்பாத்தின் அடிக்குள் புதைத்தது. அது நிலைத்தது. சோதனைக்கூடத்தில் தேறுவது ஒன்று, சேத்தில் தேறுவது இன்னொன்று.

இனி, நான் இதை எழுத வந்த காரணம்.

ரீபாக்குக்கு இரண்டு வருடம் முந்தி, 1974 டிசம்பரில், மரினில் நடந்த ஒரு சைக்கிள் போட்டிக்குத் தெற்கே கூப்பர்ரினோவிலிருந்து 'மொரோ டேர்ட் கிளப்' எண்ட குழுவைச் சேர்ந்த சிலர் வந்தார்கள். தடித்த ரயர்ச் சைக்கிளில் டிரெயிலியரும் பெருவிரல் பிடியும் ஏற்கனவே பூட்டியிருந்தார்கள். மரின்காரர் அதைக் கண்டார்கள். பிறகு அந்தக் குழு கதையிலிருந்தே காணாமல் போனது, பல வருடங்களுக்குப் பிறகுதான் அவர்களைத் தேடினார்கள். மரின்காரர் ஏன் நிலைத்தார்கள்? சார்ளி கெலி ஒவ்வொரு போட்டியின் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். வெண்டி கிராக் எண்ட பெண், தானும் அதே பாதையில் ஓடிக்கொண்டு, படம் எடுத்து வைத்தார். கொப்பியும் படமும் இருந்தவர்கள் 'கண்டுபிடித்தவர்கள்' ஆனார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடினது. மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுத்தி, றேடியோ கேட்ட கதையை எங்கட அம்மா அப்பாமார் சொல்லுவினம். பாகம் வராத காலத்தில் எது தாங்கும், எதை எதோட பொருத்தலாம் எண்டு சோதிச்சுச் சோதிச்சுக் கண்டுபிடிச்ச ஆக்கள் எத்தனை பேர்? அவர்களிட்டயும் ஒரு ரீபாக் இருந்தது. கொப்பி மட்டும் இருக்கேல்லை.

அந்தச் சைக்கிள் கடை அண்ணைக்கு இப்ப அறுபது வயசு தாண்டிட்டுது. அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு கொப்பியோட போறதா இருக்கிறன். உங்கட ஊரிலயும் ஒரு கடை இருக்கும். நீங்களும் போங்கோ.