விற்றமின் ஏயும் நோயெதிர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

விற்றமின்கள் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் என்னும் கருத்து இன்று பெருவழக்காயுள்ளது. அஃது எவ்வளவிற்கு மெய் என்பதை விற்றமின் ஏயின் வரலாறு தெளிவாக்கும்.

1913 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மக்கொலமும் டேவிசும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாததொரு பொருள் உளதெனக் கண்டனர். பின்னர் விற்றமின் ஏ எனப் பெயர்பெற்றது அதுவே. 1928 இல் இங்கிலாந்தில் கிறீனும் மெலன்பியும் அதனைத் தொற்றெதிர்ப் பொருள் என்றே அழைத்தனர். 1932 இல் இலண்டனில் எலிசன், சின்னமுத்து நோயுற்ற 600 பிள்ளைகளை இரு சமகூறாக்கி, ஒரு கூறினர்க்கு மாத்திரம் அதனை வழங்கினார். பெற்றோருள் 11 பேரும் பெறாதோருள் 26 பேரும் இறந்தனர். எனினும் சல்பா மருந்துகளின் வருகைக்குப்பின் இவ்வாய்வு மங்கிற்று.

அதற்கு மீண்டும் உயிரூட்டியவர் அல்பிரட் சொமர். சுமாத்திராவின் ஆச்சே மாகாணத்தில் விற்றமின் ஏ பெற்ற சிறாரிடை இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததென 1986 இல் அவர்குழு அறிவித்தது. 1990 இல் வெளிவந்த திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆய்விலோ, வாரந்தோறும் சிற்றளவு பெற்ற சிறாரின் இறப்பு பாதிக்கு மேற் குறைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஐதராபாத் ஆய்வில் இத்தகைய பயன் காணப்படவில்லை.

இவற்றால் பெறப்படுவது யாது? விற்றமின் ஏ குறைபாட்டை நிரப்புமிடத்தே உயிர்காக்கும். நிறைந்த உடலிலோ மிகையானது ஈரலிற் சேர்ந்து தீங்கு விளைக்கும். திருச்சிராப்பள்ளியில் வழங்கப்பட்டது உணவாலேயே பெறத்தக்க அளவு என்பதும் நோக்கற்பாலது. முருங்கையிலையும் அகத்தியும் விற்றமின் ஏயின் மூலப்பொருளாகிய கரோற்றினை மிகுதியாக உடையன. குளிகைக்கு முன் வினவப்படவேண்டியது பிள்ளையின் உணவுத்தட்டின் நிலையே.