மறுமுனையைக் கேட்காத நிரல்

நிரல் எழுதக் கற்பவர் முதல் நாளில் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஒரு வரியை அச்சிடும் நிரல். அந்த வரி திரைக்குப் போகலாம், கோப்புக்குள் போகலாம், இன்னொரு நிரலுக்குள்ளும் போகலாம். எதற்காகவும் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உள்ளே வருவது ஓர் ஓட்டம், வெளியே போவது ஓர் ஓட்டம் என்று பாடப்புத்தகங்கள் இதைச் சுருக்கமாக முடித்துவிடுகின்றன. இந்த ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்ட்ரீம் என்ற பெயரே ஆற்றையும் வாய்க்காலையும் நினைவூட்டுவதால், தகவல் இப்படி ஓடுவது இயற்கைதானே என்று தோன்றிவிடுகிறது. வரலாறு வேறு கதை சொல்கிறது. தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நிரல் கேட்கவே கூடாது என்பது 1960களிலும் 70களிலும் சிலர் யோசித்து எடுத்த முடிவு. அந்த அறியாமையைத் திட்டமிட்டு உருவாக்கியதே அவர்களுடைய சாதனை.

அதற்கு முன்பு நிரலுக்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. ஐபிஎம் எந்திரங்களுக்குத் தகவல் துளையட்டைகளில் வந்தது. ஓர் அட்டையில் 80 பத்திகள், பத்திக்கு ஓர் எழுத்து. ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதியவர்களுக்குச் சாதன எண் 5 என்றால் அட்டை, 6 என்றால் அச்சுப்பொறி என்பது மனப்பாடம். 1964இல் அறிவிக்கப்பட்ட 360 வரிசை எந்திரங்களில், எந்தக் கோப்பு எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்பதை நிரலுக்கு வெளியே தனி அட்டைகளில் எழுதிக் கொடுக்கலாம். நிரலையும் சாதனத்தையும் பிரிக்கும் எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் பதிவு எத்தனை எழுத்து நீளம், தொகுதி எவ்வளவு பெரியது என்றெல்லாம் எங்காவது சொல்லியாக வேண்டும். சாதனத்தின் பெயர் மறைந்தது. அதன் உருவம் தகவலோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

அதே 1964 அக்டோபரில், நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டக் குழாயோடு இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் சேர்க்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். 1969இல் அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தில் அந்த எண்ணத்துக்கு நிலம் கிடைத்தது. யுனிக்ஸில் கோப்பு என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. விசைப்பலகை, நாடா, வட்டு எல்லாவற்றுக்கும் படிக்க ஒரே கட்டளை, எழுத ஒரே கட்டளை. மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, 1972–73 வாக்கில் தாம்சன் பைப் (குழாய்) என்ற வசதியைச் சேர்த்தார். கணினியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலிடும் நிரல் ஒன்று, வரிகளை எண்ணும் நிரல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் ஆட்களின் எண்ணிக்கை வந்துவிடும். ஆட்களை எண்ணும் நிரல் என்று ஒன்றை யாரும் எழுதவில்லை. நடுவில் இருப்பது குறிப்பிட்ட அளவு பைட்டு மட்டுமே கொள்ளும் ஒரு சிறு தொட்டி. நிரம்பினால் எழுதுபவரை இயங்குதளம் நிறுத்தி வைக்கும். வற்றினால் படிப்பவரைக் காத்திருக்க வைக்கும். இரு நிரல்களுக்கும் இது தெரியாது.

வெளியீட்டை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதில் புதுமை என்ன, யுனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது உண்மை, ரிட்சியே அந்தக் கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் மல்டிக்ஸில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப ஒரு கட்டளை, பிறகு வேலைக்கான கட்டளை, மீண்டும் முனையத்துக்குத் திருப்ப இன்னொரு கட்டளை என்று மூன்று படிகள். யுனிக்ஸில் அதே வேலைக்கு ஓர் அம்புக்குறி போதும். முடியும் என்பதற்கும் கைப்பழக்கமாகிவிட்டது என்பதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல. நான்கு அடி நடந்து திருகவேண்டிய குழாயை யாரும் நாளுக்கு நூறு முறை திருகமாட்டார்கள்.

மறுமுனையை அறியாதிருப்பதற்கு எல்லை உண்டு என்பதையும் மரே ஹில்லே கற்றுக்கொடுத்தது. தொடக்கத்தில் வெளியீட்டு ஓட்டம் ஒன்றுதான். பிழைச் செய்தியும் அதிலேயே போகும். ஆய்வகத்தின் ஒளியச்சுக் கோக்கும் எந்திரத்துக்கு வேலை அனுப்பிவிட்டுக் காத்திருந்து, தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி அழகாக அச்சுக்கோத்து வந்திருக்கும் என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்வதுண்டு. உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1 என்பதோடு, பிழைக்கு 2 என்று மூன்றாவது ஓட்டம் 1970களின் நடுவில் பிறந்தது இப்படித்தான். எங்கே போகிறது என்று நிரல் கேட்க வேண்டாம். எந்த வகைச் செய்தி என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெறும் பைட்டுகளாக்கி அனுப்பினால் தகவலின் அமைப்பு கரைந்துபோகிறது. எது பெயர், எது தேதி என்று ஒவ்வொரு நிரலும் வரிகளைப் பிய்த்துப் பார்த்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் பவர்ஷெல், பைட்டுகளுக்குப் பதில் அமைப்போடு கூடிய பொருள்களையே குழாய் வழியாக அனுப்பியது இந்தக் குறையைப் போக்கத்தான். குறை உண்மையானது. ஆனால் பொருள்களை அனுப்ப, இரு முனைகளும் ஒரே அமைப்பை முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். பைட்டுகளுக்கு அந்த ஒப்பந்தம் தேவையில்லை. அதனால்தான் யுனிக்ஸ் குழாயை உருவாக்கியவர்கள் நினைத்தே பார்க்காத சரக்கும் அதில் போக முடிந்தது. 1992இல் அதே தாம்சன், சக ஆய்வாளர் ராப் பைக்கோடு சேர்ந்து யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையை வடிவமைத்தபோது, பழைய பைட்டு ஓட்டத்தில் உலக மொழிகள் சேதமின்றிப் போகும்படி அமைத்தார். இந்தக் கட்டுரையின் தமிழும் அப்படித்தான் பயணிக்கிறது.

விலையும் உண்டு. யுடிஎஃப்-8இல் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட்டு: ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று. இடைவெளியில்லாத தமிழ் உரையை 4096 பைட்டாக நறுக்கினால் 1365 குறியீடுகள் முழுதாக வரும். அடுத்ததன் முதல் பைட்டு மட்டும் துண்டாகத் தொங்கும். ஓட்டத்துக்கு எழுத்து தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே எழுத்தின் எல்லை அறிந்து படிக்கும் பொறுப்பு முனையில் நிற்கும் நிரலுடையது, அதை எழுதுபவருடையது.