அடுப்புப் புகை: விறகின் கணக்கும் நுரையீரலின் கணக்கும்

1959ஆம் ஆண்டு, ‘சர்குலேஷன்’ என்னும் அமெரிக்க இதயவியல் ஆய்விதழில் தில்லியிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் இதய மருத்துவர் எஸ். பத்மாவதியும் எஸ்.என். பாதக்கும். நாட்பட்ட நுரையீரல் நோயின் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் பருத்து வலுவிழக்கும் ‘கோர் பல்மோனேல்’ நோயாளிகள் 127 பேரை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். மேலைநாடுகளில் இது பெரிதும் புகைபிடிக்கும் ஆண்களின் நோய். தில்லியிலோ புகைபிடிக்கும் வழக்கம் அரிதான பெண்களும் பேரளவில் இதற்கு ஆளாகியிருந்தனர். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் இளமை முதலே அமர்ந்திருந்ததை அவர்கள் காரணமாகச் சுட்டினர்.

அதற்கும் முன்பே, ஐதராபாத்தின் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பொன்றை வடிவமைத்திருந்தார். அதனை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. கோடிக்கணக்கானோரின் சமையலறைகளைப் புகையற்றவையாக்குவதே அவரது நோக்கம் என்பதை நூலின் தலைப்பே அறிவித்தது. ஆக, நோயும் அதற்கான ஒரு மாற்றும் 1950களிலேயே பதிவாகிவிட்டன.

எனினும் அரசின் கவனத்தை ஈர்த்தது வேறொரு கவலை. 1970களில் எண்ணெய் விலையேற்றத்தோடு விறகுப் பஞ்சமும் காடழிவும் உலகளாவிய பேசுபொருளாயின. 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் இச்சூழலில் பிறந்தது. விறகுச் சிக்கனமே அதன் முதன்மை அளவுகோலாயிற்று. அதே 1983இல், குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த காற்றை அவர்கள் உடலில் பொருத்திய கருவிகளால் அளந்த கிர்க் ஸ்மித் குழுவினரின் ஆய்வு வெளியானது.

இவ்விரு கணக்குகளும் ஒன்றல்ல. விறகு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன் முதலியனவும் நுண்துகள்களும் வெளிப்படுகின்றன. அடுப்பினுள் காற்றோட்டத்தை மட்டுப்படுத்தினால் வெப்பம் பாத்திரத்தில் நன்கு சேரும், விறகு மிச்சமாகும். ஆனால் எரிதல் குறைபடுவதால், எரியும் ஒவ்வொரு கிலோ விறகும் உமிழும் நச்சு மிகக்கூடும். புகைபோக்கியோ நச்சை அழிப்பதில்லை, வெளியேற்றுகிறது. கரி படிந்து அது அடைபட்டால் புகை மீண்டும் வீட்டுக்குள்ளேயே சுழலும்.

2002இல் அத்திட்டம் முடிவுக்கு வருவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டிருந்தன. நிறுவப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கையே வெற்றியின் சான்றாகக் கொள்ளப்பட்டது. வழங்கிய அடுப்பு பின்னர் என்னவாகிறது என்பதை ஒடிசாவில் ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் வேறொரு அடுப்புத் திட்டத்தைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். முதலாண்டில் புகை குறைந்தது. பராமரிப்பும் பயன்பாடும் தளர்ந்தபின் அந்நன்மை நிலைக்கவில்லை. புகைபோக்கியைத் துடைப்பதும் விரிசலைப் பூசுவதும் யார் வேலை, அதற்கு நேரம் எங்கே என்ற வினாக்கள் திட்ட வரைவுகளில் உரிய இடம் பெற்றதில்லை.

2016இல் உஜ்வலா திட்டம் பெண்களின் உடல்நலத்தை முன்னிறுத்தி எரிவாயு இணைப்புகளை வழங்கியது. ஆயினும் உருளையை மீண்டும் நிரப்பும் செலவு பல வீடுகளில் விறகடுப்பை அணையவிடவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய சமையல் எரிபொருளைப் பயன்படுத்திய வீடுகள் 58.6 விழுக்காடு.

தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘நல்ல அடுப்பு’ என்பதன் இலக்கணத்தை ஒவ்வொரு காலத்திலும் வகுத்தவர் யார், எதனை அளந்து வகுத்தார் என்று ஆவணங்களிடம் கேளுங்கள். காடு அளக்கப்பட்டது, விறகு எடைபோடப்பட்டது, அடுப்புகள் எண்ணப்பட்டன. அடுப்பின் முன் அமர்ந்தவளின் மூச்சு மட்டும் மிகத் தாமதமாகவே கணக்கில் ஏறியது.